ஹார்மண்ட்ஸ்வொர்த் தடுப்பு மையத்துக்குப் புட்டுக் கொண்டுபோகலாமா?

கேள்வி: என் அக்காவின் மகனுக்கு வயது 27. போரின் முடிவில் முள்ளிவாய்க்காலால் வந்து, மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வளர்ந்த பிள்ளை. இங்கே வந்து அசைலம் கேட்டான்; றிஃபியூஸ் ஆகி, அப்பீலும் தோற்றுவிட்டது. உள்துறை அமைச்சின் (ஹோம் ஒபிஸ்) அலுவலகத்துக்குப் போய் ஒழுங்காகச் சைன் வைத்து வந்தவன், போன செவ்வாய் போனவன் வீடு திரும்பவில்லை. இரவு ஒரு புது நம்பரிலிருந்து எடுத்து, "சின்னம்மா, ஹீத்ரோவுக்குப் பக்கத்தில டிடென்ஷன்ல வைச்சிருக்கிறாங்கள்" என்றான். நான் போய்ப் பார்க்க வேண்டும். நானும் கணவரும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள். ஆனாலும் கணவர், "அங்க போய்ப் பேரைக் குடுத்தா எங்களுக்கும் கரைச்சல்" என்கிறார். அவனோடு அறையில் இருந்த பெடியனும் வருகிறேன் என்கிறான்; அவனுக்கும் கேஸ் நடக்கிறது. நான் ஒரு ஜெயில் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. புட்டும் கறியும் கொடுக்க விடுவார்களா? ஈலிங் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்த திருநீறு வைத்திருக்கிறேன், கொண்டுபோகலாமா? என் ஏழு வயது மகள் அண்ணாவைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள். அவனிடம் நான் என்ன கதைப்பது? வவுனியாவில் அக்கா தினமும் எடுத்து அழுகிறா. அவவுக்கு என்ன சொல்வது?
– ஹரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் புட்டை முடித்துவிடுவோம். விடமாட்டார்கள். விசிற் நடக்கும் மண்டபத்துக்குள் வெளிச்சாப்பாடு போகாது. வீட்டில் அவித்தது, கடையில் வாங்கியது என்ற பேதமெல்லாம் இல்லை. விடியப்புறம் எழுந்து சமைத்து, வாசலில் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கண்ணீரோடு உள்ளே போகிற அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். அப்படி உள்ளே போனால் முதல் இருபது நிமிடமும் சாப்பாட்டைப் பற்றிய கவலையிலேயே போய்விடும். அந்த விடியற்காலையை நித்திரைக்குக் கொடுங்கள்.

திருநீறு இன்னும் சிக்கலானது. கடதாசியில் மடித்த வெள்ளைத் தூள் ஒரு தடுப்பு மையத்தின் சோதனை மேசையில் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். போதைப்பொருளைத் தேடத்தான் அங்கே நாய்கூட வைத்திருக்கிறார்கள். நெற்றியில் பூசிக்கொண்டு போங்கள், அதை யாரும் கேட்க மாட்டார்கள். அவனுக்குக் கோயில் சம்பந்தமாக ஏதாவது வேண்டுமென்றால், ஒவ்வொரு மையத்திலும் மத அலுவல்களைக் கவனிக்க ஒருவர் இருப்பார். அவரைக் கேட்கும்படி அவனிடம் சொல்லுங்கள். தாலிக்கொடியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகத் தேவையில்லை. சோதனைக் கருவி சத்தம் போட்டால் கலியாணச் சங்கிலி என்று சொல்லுங்கள். மற்ற நகைகளைக் குறைத்துக்கொள்வது உங்களுக்குத்தான் வசதி.

நீங்கள் கட்டாயம் கொண்டுபோக வேண்டியது வேறொன்று இருக்கிறது. சைன் வைக்கப் போய் அகப்பட்டவர்கள் உடுத்த உடுப்போடு உள்ளே போனவர்கள். அங்கே கைதிச் சீருடை கிடையாது, சொந்த உடுப்புத்தான் போடுவார்கள். ஆகவே அவனுக்கு உள்ளாடை, காலுறை, இரண்டு ரீசேர்ட், ஒரு ஜம்பர், ஒரு காற்சட்டை வேண்டும். இவற்றை மண்டபத்தில் கையில் கொடுக்க முடியாது. வரவேற்பில் ஒப்படைத்தால் சோதித்துப் பதிந்து பிறகு அவனிடம் கொடுப்பார்கள். எதை எந்த நேரத்தில் வாங்குவார்கள், பணம் கொடுப்பதென்றால் எப்படி என்பதை முன்பதிவுக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நம்பர்கள். படம் எடுக்கக்கூடிய, இணையம் உள்ள போன்களை உள்ளே வைத்திருக்க விடமாட்டார்கள். பட்டன் போன் ஒன்று கொடுப்பார்கள். அவன் புது நம்பரிலிருந்து எடுத்த காரணம் இதுதான். அம்மாவின் நம்பர், லோயரின் நம்பர், நண்பர்களின் நம்பர் எல்லாம் எடுத்து வைக்கப்பட்ட அந்த ஸ்மார்ட் போனுக்குள் கிடக்கும். இந்தக் காலத்தில் யாருக்கு நம்பர் பாடம்? இன்றிரவே அவனுக்கு எடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். விசிற் நாள் வரை இதற்குக் காத்திருக்கக் கூடாது.

கணவரின் பயத்துக்கு வருவோம். அதைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஊரில் முகாம் வாசலில் பெயர் கொடுத்ததால் வந்த வினைகளைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஆனால் இங்கே குடியுரிமை உள்ள ஒருவர் தடுப்பில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போவதால் அவருடைய நிலைக்கு ஒன்றும் ஆகாது. அடையாளம் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், சில மையங்களில் விரல் ரேகையும் எடுப்பார்கள். யார் உள்ளே வருகிறார்கள், அதே ஆள்தான் வெளியே போகிறாரா என்று சரிபார்க்கத்தான் அது. "குடும்ப மானம்" என்று அவர் மனதுக்குள் ஏதாவது இருந்தால் ஒன்றை ஞாபகப்படுத்துங்கள். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் விமானத்தடியில் உடுப்பைக் களைந்து நின்று மறுத்தார்கள். அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு மையமாக்கி, எங்கள் ஆட்கள் பலரை அதில் வைத்தார்கள். ஒக்டோபர் மாதப் பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்க் கரைதட்டிய பிறகுதான் அவர்களுக்கு விடிவு வந்தது. இன்று லண்டனில் கடையும் வீடும் கோயில் தலைவர் பதவியுமாக இருக்கிற எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பழைய கதை உண்டு. அவர்கள் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கூட வருகிறேன் என்ற பெடியன் விஷயம் வேறு. அவனுக்கும் கேஸ் நடக்கிறது என்கிறீர்கள். தன் லோயரைக் கேட்காமல் அவன் அந்த வாசலுக்குப் போகக் கூடாது. வாசலில் காட்டுவது அடையாள அட்டை, அந்த இடமோ உள்துறை அமைச்சின் இடம். அவனுடைய பாசத்தைப் பயன்படுத்த வேறு வேலை இருக்கிறது. உங்கள் பெறாமகனின் அறையில் கிடக்கும் கடிதங்கள், ஹோம் ஒபிஸ் அனுப்பியவை, தீர்ப்பு, குடும்ப டொக்டர் (ஜீபி) கொடுத்த காகிதங்கள், மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். வாடகை ஒரு மாதம் தவறினால் வீட்டுக்காரர் அறையை வெறுமையாக்கிவிடுவார். குப்பைக்குப் போன ஒரு மருத்துவக் காகிதத்துக்காகப் பிறகு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

இனிப் போகும் வழி. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் என்றால் ஹார்மண்ட்ஸ்வொர்த் அல்லது கோல்ன்புறூக். இரண்டும் விமான நிலையத்தின் வடக்கே, கோல்ன்புறூக் பைபாஸ் ஓரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே மையமாகத்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் அவன் எந்தக் கட்டடத்தில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்க இணையதளத்தில் ஒவ்வொரு மையத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. முன்பதிவு நம்பர், விசிற் நேரம், ஏற்றுக்கொள்ளும் அடையாள ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கும். குறைந்தது முதல்நாளாவது பதிந்திருக்க வேண்டும். பதியாமல் போய் நின்று இரந்து பயனில்லை.

பதியும்போது எங்கள் ஆட்கள் தடுக்கி விழும் இடம் பெயர். உங்களுக்கு அவன் வீட்டுப் பெயரில் ஒருவன், ஹோம் ஒபிஸ் கணினியில் இன்னொருவன். அப்பாவின் பெயர் முன்னுக்கு இருக்கும், அல்லது பின்னுக்கு இருக்கும். நீளப் பெயரை எங்கேயோ வெட்டியிருப்பார்கள். "கே"க்குப் பதில் "ஜி" போட்டிருப்பார்கள். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்ற பதில் கேட்டுப் பதறிப்போய், நாடு கடத்திவிட்டார்கள் என்று ஊருக்கே எடுத்துச் சொன்ன குடும்பங்கள் உண்டு. ஹோம் ஒபிஸ் கடிதத்தில் இருக்கிற எழுத்தை எழுத்தாகவே சொல்லுங்கள். கூடவே பிறந்த திகதியும் அவனுடைய ஹோம் ஒபிஸ் இலக்கமும் வேண்டும். உங்கள் பெயரையும் உங்கள் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே கொடுங்கள்.

விசிற் நாள் காலையில் புறப்படுமுன் இன்னொரு தடவை எடுத்து, அவன் அங்கேதான் இருக்கிறானா என்று கேளுங்கள். ஒரே இரவில் இடம் மாற்றுவது அங்கே சாதாரணம். கட்விக்கில் இருக்கும் புறூக் ஹவுசுக்கோ, பெட்ஃபோர்ட் பக்கம் யார்ல்ஸ் வூட்டுக்கோ, சில வேளை ஸ்கொட்லாந்தில் டங்காவல் வரைக்கும்கூடக் கொண்டுபோய்விடுவார்கள்.

கடவுச்சீட்டை எடுங்கள். விலாசம் உள்ள கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும். லொக்கருக்கு ஒரு பவுண் நாணயம் தேவைப்படலாம், இயந்திரத்தில் தேத்தண்ணி வாங்கக் கொஞ்சம் சில்லறையும் எடுங்கள். போன், சாவி, கைப்பை எல்லாம் லொக்கருக்குள் போய்விடும். ஹரோவிலிருந்து காரில் வந்தால் தூரமில்லை. பஸ் என்றால் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஸ்லௌ போகும் 81 அந்தப் பக்கத்தால்தான் போகிறது. குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முந்திப் போய் நில்லுங்கள். வரிசை, படம், உடம்பைத் தடவிச் சோதிப்பது, ஒரு கதவு பூட்டியபிறகு மற்றக் கதவு திறப்பது என்று நேரம் கரையும். அந்தக் கதவுகளின் சத்தம் முதல் தடவை நெஞ்சைப் பிடிக்கும். தெரிந்துகொண்டு போனால் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பெண்களைப் பெண் அலுவலர்தான் தடவிச் சோதிப்பார். அதிகாரிகளில் சிலர் பண்பானவர்கள், சிலர் முகத்தைப் பார்க்காமலே கதைப்பார்கள். எவருடனும் அன்று சண்டை வேண்டாம். முறைப்பாடு செய்ய வேண்டிய விஷயம் நடந்தால் நேரத்தையும் ஆளையும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து எழுதுங்கள்.

உள்ளே கண்ணாடித் தடுப்பு இருக்காது. மேசை, கதிரை, சுற்றிவர மற்றக் குடும்பங்கள், ஓரத்தில் அலுவலர்கள். தமிழில் தாராளமாகக் கதைக்கலாம். வரும்போதும் போகும்போதும் கட்டிப்பிடிக்கலாம்.

கடைசிக் கேள்விகளில் ஒன்றாக நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: என்ன கதைப்பது?

எங்கள் வீடுகளில் அன்பு பெரும்பாலும் விசாரணையாகத்தான் வெளியே வரும். "ஏன் அண்டைக்குச் சைன் வைக்கப் போனனீ?", "லோயர் சரியில்லை எண்டு அப்பவே சொன்னனான் எல்லே?", "இன்ரவியூவில என்ன உளறினனீ?" நீங்கள் கேட்கும்போது அது பாசம். ஆனால் அவன் ஏற்கெனவே அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, நம்பப்படாமல் அங்கே வந்து சேர்ந்தவன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சின்னம்மாவும் அதே "ஏன்"களைக் கேட்டால் அவனுக்குப் போக இடமில்லை. முதல் விசிற்றில் "ஏன்" என்று தொடங்கும் கேள்வி ஒன்றும் வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவெடுத்துக்கொண்டு போங்கள்.

அதேபோல "பயப்படாதே, ஒண்டும் நடக்காது" என்பதும் வேண்டாம். அது உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாதென்பது அவனுக்குத் தெரியும். இந்த நாட்டில் அவனைப் போன்றவர்களைக் குடிவரவுத் தடுப்பில் வைப்பதற்குச் சட்டத்தில் கால எல்லை கிடையாது. கிழமைகளில் வெளியே வருபவர்களும் உண்டு, மாதங்கள் போவதும் உண்டு. சிறைக் கைதிக்காவது எண்ணுவதற்கு ஒரு திகதி இருக்கும், இவனுக்கு அதுவும் இல்லை. பக்கத்து அறைக்காரனை விமானத்துக்குக் கூட்டிப்போவதைப் பார்ப்பான். இரவு கதவைப் பூட்டிய பிறகு தலைக்கு மேலே விமானம் இறங்கும், ஏறும். மெனிக் பாமில் முள்கம்பிக்குப் பின்னால் பத்துப் பதினொரு வயதில் நின்ற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உடம்புக்கு இது பழக்கமான இடம். சிரிப்பில்லாமல், உங்களைப் பார்க்காமல், கதிரை நுனியில் இருந்து "எல்லாம் ஓகே சின்னம்மா" என்றால் அதை நன்றிகெட்டதனமாகவோ கோபமாகவோ எடுக்காதீர்கள். அழுதாலும் அடக்காதீர்கள். நீங்கள் அழுதாலும் பரவாயில்லை, ஆனால் அவன் உங்களைத் தேற்றும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சின்ன விஷயம் கேளுங்கள். நித்திரை வருகிறதா, சோறு தருகிறார்களா, அறையில் கூட இருப்பவன் எந்த நாட்டுக்காரன், குளிர்கிறதா. உள்ளே துப்புரவு வேலை, சமையலறை வேலை என்று செய்ய விட்டு மணிக்கு ஒரு பவுண் கொடுப்பார்கள். அவன் அதைச் செய்கிறேன் என்றால் "ஐயோ, ஒரு பவுணுக்கா" என்று வாயில் கைவைக்காதீர்கள். பகல் போவதற்காகச் செய்கிறான். வெளியே நடப்பதையும் சொல்லுங்கள். உங்கள் மகளின் பள்ளிக்கூடக் கதை, போன ஞாயிறு மீன் வாங்கப் போன இடத்தில் கண்ட ஆள், கிரிக்கெற். அவனைச் சுற்றி எல்லோரும் கேஸையே கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். சும்மா கதைக்க வந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கக்கூடும். பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் அந்த விசிற் வீணில்லை.

முகாமிலோ தடுப்பிலோ ஊரில் அவனுக்கு நடந்தவற்றை அந்த மண்டபத்தில் வைத்துக் கேட்க வேண்டாம். அரை மணி நேரத்தில் அதைக் கிளறிவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அவன் இரவு முழுக்க அந்தக் கதையோடு பூட்டிய அறையில் இருப்பான். அவனாகச் சொன்னால் கேளுங்கள், இடையில் திருத்தாதீர்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவசியம்: "டொக்டரைக் கண்டனியா?" தடுப்பு மைய விதிகள் 2001 என்று ஒன்று இருக்கிறது. அதன் 34ஆம் விதிப்படி, வந்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை கொடுக்க வேண்டும். 35ஆம் விதிப்படி, ஒருவர் சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்றோ, தடுப்பால் உடல்நலம் கெடும் என்றோ, தற்கொலை எண்ணம் இருக்கிறது என்றோ மருத்துவர் கண்டால் அறிக்கை கொடுக்க வேண்டும், தடுத்து வைத்திருப்பதை ஹோம் ஒபிஸ் அதைப் பார்த்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். எங்கள் பெடியள் "சும்மா தலையிடி" என்று பனடோல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், முதுகில் இருப்பதைக் காட்ட மாட்டார்கள். உடம்பில் தழும்பு இருந்தால், இரவில் பயந்து எழும்பினால், ஊரில் அடித்திருந்தால், அதை மருத்துவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு விளங்கப்படுத்துங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். தழும்பு சின்ன விஷயமில்லை. இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகுத் தழும்பு 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கே அவர் பக்கம் தீர்ப்பானது. இந்த 35ஆம் விதி காகிதத்தில் இருப்பதுபோல நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புறூக் ஹவுசில் நடந்த கொடுமைகளை விசாரித்த பகிரங்க ஆணைக்குழு, 2023 செப்டெம்பரில் வந்த தன் அறிக்கையில் இந்தப் பாதுகாப்பு முறை சரியாக இயங்கவில்லை என்று கண்டது. ஆகவே ஒரு தடவை கேட்டு விடாமல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், லோயருக்கும் சொல்ல வேண்டும்.

"இருந்து என்ன பலன் சின்னம்மா" என்ற மாதிரிச் சொன்னால், நேராகவே கேளுங்கள்: "சாக யோசிக்கிறியா?" கேட்பதால் யாரும் சாவதில்லை. ஆமென்றால் வெளியேறுமுன் அந்த மண்டபத்து அலுவலரிடமே சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களைக் கூடுதலாகக் கவனிக்க அங்கே தனி நடைமுறை உண்டு. "காட்டிக்கொடுத்துவிட்டேனே" என்று வருந்தத் தேவையில்லை. லோயருக்கும் அன்றே சொல்லுங்கள்.

சட்டம் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். நான் உளவளத்துணையாளர், சட்டத்தரணி அல்ல. தகுதியும் பதிவும் இல்லாதவர் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதை எனக்காக மட்டும் சொல்லவில்லை. செய்தி பரவியதும் உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். "எனக்கு உள்ளுக்க ஆள் இருக்கு, இவ்வளவு தந்தால் பெயில் எடுத்துத் தாறன்" என்பார்கள். ஒரு சதம் கொடுக்க வேண்டாம். குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு முன்பு ஓஐஎஸ்சி என்று இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து பெயர் மாறி குடிவரவு ஆலோசனை அதிகாரசபை ஆகியிருக்கிறது. ஆலோசகர் அதில் பதிவானவரா என்று இணையத்திலேயே பார்க்கலாம். சொலிசிட்டர் என்றால் சொலிசிட்டர்களின் பதிவில் பாருங்கள். அவனுக்கு லோயர் இல்லையென்றால், தடுப்பில் இருப்பவர்களுக்கு அரை மணி நேர இலவச சட்ட ஆலோசனை உண்டு. மையத்தின் நலன்புரி அலுவலகத்தில் (வெல்ஃபெயார் ஒபிஸ்) அல்லது நூலகத்தில் கேட்டுப் பெயர் பதியலாம். பதிந்துவிட்டானா என்பதை விசிற்றுக்கு முன்பே போனில் கேளுங்கள். பெயில் விண்ணப்பங்களுக்கு உதவும் பெயில் ஃபோர் இமிகிரேஷன் டிட்டெய்னீஸ் என்ற தொண்டு அமைப்பும் இருக்கிறது. ஹீத்ரோவில் இருப்பவர்களுக்கு டிட்டென்ஷன் அக்‌ஷன் உதவுகிறது. இரண்டு நம்பரையும் அவனுக்குக் கொடுங்கள்.

நாடு கடத்தும் விமானத்தின் திகதி எழுதிய கடிதம் ஏதாவது கையில் கிடைத்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் முந்தியது. விசிற்றை மறந்துவிட்டு அந்த மணித்தியாலமே லோயருக்கு எடுக்க வேண்டும்.

பெயில் கதை வந்தால் உங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்கக்கூடும், நிதி உத்தரவாதத்துக்கும் கேட்கக்கூடும். இதைக் கணவரோடு வீட்டில் கதைத்து முடிக்கும் வரை மண்டபத்தில் "சின்னம்மா எடுக்கிறன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பவன் அந்த ஒரு வசனத்தில்தான் மிச்ச நாளெல்லாம் தொங்கிக்கொண்டிருப்பான்.

இன்னொன்றையும் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். நல்லெண்ணத்தில் யாராவது இலங்கைத் தூதரகத்துக்கு எடுத்து அவனைப் பற்றி விசாரிப்பார்கள், அல்லது அவன் படத்தைப் போட்டு ஃபேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் பரப்புவார்கள். அந்த நாட்டுக்குப் போகப் பயந்து புகலிடம் கேட்டவனின் விபரத்தை அந்த நாட்டின் அலுவலகத்துக்கு நாமே கொடுக்கக் கூடாது. லோயர் சொல்லாமல் இரண்டும் வேண்டாம்.

பேனையும் கொப்பியும் உள்ளே கொண்டுபோக விடாமல் இருக்கலாம். அதனால் கேட்டு வர வேண்டியதை நான்கைந்து விஷயத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள்: லோயர் பெயர், டொக்டர், கடைசியாகக் கிடைத்த கடிதத்தில் என்ன திகதி, என்ன உடுப்புத் தேவை, அம்மாவுக்கு என்ன சொல்ல. வெளியே வந்து லொக்கரைத் திறந்ததும், காரை எடுக்குமுன் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று நினைத்தால் பாதி மறந்துவிடும்.

புறப்படும் நேரம்தான் கடினம். மணி முடியுமுன் அடுத்த விசிற் எந்த நாள் என்று சொல்லுங்கள். முதல் கிழமை தினமும் போய், மூன்றாம் கிழமை வேலை, பிள்ளை, களைப்பு என்று நின்றுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நின்றுபோன பிறகு போனையும் எடுக்கக் கூச்சப்பட்டு, அப்படியே தொடர்பு அறுந்துவிடும். உங்களால் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் அதையே சொல்லுங்கள், சொன்ன சனிக்கிழமை போய் நில்லுங்கள். திகதியே இல்லாத இடத்தில் இருப்பவனுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய ஒரே திகதி அதுதான். இடைப்பட்ட நாட்களுக்கு விசிற் செய்யும் தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. ஏவிட் என்ற அமைப்பு நாடெங்கும் உள்ள அப்படிப்பட்ட குழுக்களின் கூட்டு. ஹீத்ரோவுக்கு ஜெசுயிற் அகதிகள் சேவையின் ஆட்களும் போகிறார்கள். கிறிஸ்தவர்கள் என்று தயங்க வேண்டாம், சமயம் மாற்ற வருவதில்லை.

மகளை முதல் தடவை கூட்டிப்போக வேண்டாம். பிள்ளைகளை உள்ளே விடுவார்கள், அது பிரச்சினையில்லை. ஆனால் நீங்களே அந்த இடத்தை முதல் முதலாகப் பார்க்கும்போது ஒரு கண்ணை மகள் மேல் வைத்திருக்க முடியாது. அவனிடமும் கேட்க வேண்டும். தங்கச்சி தன்னை அங்கே காண்பதை அவன் விரும்பாமல் இருக்கலாம். மகளுக்குப் பொய் சொல்லாதீர்கள், வெளிநாடு போய்விட்டான் என்று சொன்னால் பிறகு திருத்த முடியாது. "அண்ணா இந்த நாட்டில இருக்கலாமா எண்டு பார்க்கிறதுக்காக ஒரு இடத்தில வைச்சிருக்கினம், அவர் களவெடுக்கேல்லை, அம்மா போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லுறன்" என்பது ஏழு வயதுக்குப் போதும். படம் ஒன்று கீறச் சொல்லுங்கள். உடுப்போடு ஒப்படைக்க முடியாவிட்டால் தபாலில் அனுப்பலாம்.

அக்காவுக்கு வருகிறேன். அவ தினமும் எடுக்கிறா என்றால், தினமும் புதுச் செய்தி சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நெருக்கமாகிறது. புதுச் செய்தி இல்லாத நாளில் நீங்களாக ஏதாவது கூட்டிச் சொல்லுவீர்கள். அவவோடு ஒரு நேரம் வையுங்கள், புதனும் சனியும் இரவு என்று. விசிற்றுக்குப் போய் வந்த இரவு, கண்டதை மட்டும் சொல்லுங்கள்: மெலிந்திருக்கிறான், சாப்பிடுகிறான், உடுப்புக் கொடுத்தேன், லோயர் இருக்கிறார், எப்ப விடுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. கடைசி வசனத்தை விழுங்காதீர்கள். அதை மறைத்தால் அடுத்த மாதம் நீங்கள்தான் பொய்க்காரி.

அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவ கேட்பா. மையங்களில் 2020க்குப் பிறகு வீடியோ அழைப்புக்கும் வழி செய்திருக்கிறார்கள், அவன் வெல்ஃபெயார் ஒபிசில் கேட்டு நேரம் எடுக்க வேண்டும். வவுனியாவுக்கும் இங்கேயுமான நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் அவனிடம் தனியாகக் கேளுங்கள், தாய்க்கு இந்தக் கோலத்தில் முகம் காட்ட அவனுக்குச் சம்மதமா என்று. இப்போது வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். போதிய காசு அவனுடைய சிம்மில் இருக்கிறதா என்று பார்த்து, குரலோடு தொடங்கட்டும். அடுத்த சனிக்கிழமை திரும்பக் கேட்கலாம்.